அப்பாவின் கேசட்டுகளைப் பாட வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போன ஞாயிறு காலையில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டே போனைத் தொட்டார். கூடத்து ஸ்பீக்கரில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் எழும்பியது. அப்பா போனதிலிருந்து பரணில் கிடந்த 84 கேசட்டுகளில் அதுவும் ஒன்று. இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டதால் வீட்டில் யாரும், எந்த அறையிலிருந்தும் கேட்கலாம். காசு வாங்காமல் உங்கள் நேரத்தைத் தந்தீர்கள். வாயால் சொன்னது போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ரேடியோ கடை அண்ணாச்சிக்கு. பாதி கேசட்டுகளில் சத்தம் மங்கி மங்கி வந்தது. டேப்பே கெட்டுவிட்டது என்று நான் கைவிட்டிருந்தேன். டேப்பை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பொட்டளவு பஞ்சு, பசை காய்ந்து விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நீங்கள்தான் காட்டினீர்கள். ஐந்து திருகாணிகளையும் கழற்றி, வேறொரு பழைய கேசட்டிலிருந்து பஞ்சை இடுக்கியால் எடுத்து ஒட்டினீர்கள். அறுந்துபோன ஒரு டேப்பின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டிச் சேர்த்தீர்களே, அந்த ஒட்டு ஆலாபனையின் நடுவில் வருகிறது. எனக்குத் தெரிந்தும் காது கண்டுபிடிக்கவில்லை.

மாடி வீட்டுத் தம்பி, பாட்டுகளை வைத்து வீடு முழுக்க அனுப்ப, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போதும் என்று சொன்னவன் நீ. அது அடிக்கடி நின்றுபோனபோது, மின்சாரம் போதவில்லை என்று திரையில் மின்னிய மின்னல் குறியைப் பார்த்த உடனே, போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரைக் கொண்டுவந்து மாட்டினாய். அதற்கப்புறம் ஒருநாளும் நிற்கவில்லை. பாட்டுகளை மெமரி கார்டில் வைக்காமல் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிரைவில் வைக்கச் சொன்னதும், ரவுட்டரில் அதன் முகவரி மாறாமல் கட்டிவைத்ததும் நீதான். ஒரு மணி நேரக் கேசட்டைப் பதிய முழுதாக ஒரு மணி நேரம் ஆகும். தேர்வு முடிந்த விடுமுறையை அப்படியே எங்களுக்குக் கொடுத்துவிட்டாய்.

அத்தை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? பாட்டுகளை வரிசைப்படுத்தி வீடு முழுக்க அனுப்பும் நேவிட்ரோம் என்ற மென்பொருள் ஃபோல்டர் பெயரைப் பார்ப்பதில்லை, பாட்டுக்குள் எழுதியிருக்கும் விவரத்தைத்தான் பார்க்கும். அது இல்லாவிட்டால் 84 கேசட்டும் பெயரில்லாத ஒரே குவியல். அட்டைகளோ பாதிக்கு மேல் தொலைந்துவிட்டன. நீங்கள் கண்ணை மூடிக் கேட்டு, "இது கரகரப்ரியா, எழுதிக்கோ" என்று ராகத்தைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இன்று அம்மா ‘தோடி’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்பது உங்கள் காதால்தான்.

கேசட்டுகளைப் பதிய உதவிய ஆடாசிட்டி மென்பொருளையும் நேவிட்ரோமையும் எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் தந்திருக்கும் முகம் தெரியாதவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

47ஆம் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் வாசிப்பது யாரென்று அத்தைக்கும் பிடிபடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம். அம்மா சுசியம் போடுகிறார்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து, இளைய மகள்