விவசாயக் குழுக்களில் நுழையும் போலிக் கணக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தக்காளி, மாங்காய் விலையைப் பகிரும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் போலிக் கணக்குகள் புகுந்துவிடுகின்றன. ஒரே நாளில் நாலைந்து புது எண்கள் சேரும். சில வாரம் வாயே திறக்காது. பிறகு ஒரு எண் "முதலீடு செய்தால் இரட்டிப்பு" என்று போடும். அடுத்த நிமிடமே மற்றவை "நன்றி சார், பணம் வந்துவிட்டது" என்று, எழுத்துப்பிழைகூட மாறாமல் பதிலளிக்கும். அந்தப் பிழைதான் நல்ல தடயம்.

சந்தேகம் வந்தால், "இன்று ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி என்ன விலை?" என்று கேளுங்கள். போலிக் கணக்கு பெரும்பாலும் பேச்சை மாற்றும், அல்லது லிங்க் அனுப்பும். பேசாமல் இருப்பவர்களையும், தினமும் காலை வணக்கப் படம் போடும் பெரியவர்களையும் இதை வைத்து விரட்டிவிடக் கூடாது.

அழைப்பு லிங்க்கைப் பொதுவெளியில் ஒட்டுவதுதான் பெரும்பாலும் வாசலைத் திறந்துவிடுகிறது. நிர்வாகிகள் பழைய லிங்க் செயலிழக்கும்படி அதை 'ரீசெட்' செய்து, புது உறுப்பினருக்கு ஒப்புதல் கட்டாயம் என்ற அமைப்பை இயக்க வேண்டும். 'பி.எம். கிசான்' பெயரில் ஏ.பி.கே. ஃபைல் (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் யாரும் தொடவே வேண்டாம், நிறுவினால் ஓ.டி.பி. குறுஞ்செய்திகள் திருடர் கைக்குப் போகலாம்.

நீக்குவதற்கு முன் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும், முடக்குவது கடினம்.

– குழு நிர்வாகிகள், பாலக்கோடு