எனக்கு ஸ்டூல் போட்டவர்களுக்கு

மும்பை மார்க்கெட் சொந்தங்களுக்கு வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு நான் சேல்ஸ்மேனாக ஏரியா பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறேன். 1998 இல் திருநெல்வேலியிலிருந்து வந்து, தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் மாமா வீட்டில் பெட்டியை இறக்கினேன். அப்புறம் மருந்து, பேரிங், சாயம், மசாலாச் சரக்கு என்று நாலு தொழில். ஒவ்வொரு தடவையும் கம்பெனி கையில் கொடுத்தது ஒரு கட்டு விசிட்டிங் கார்டும் ஒரு டார்கெட்டும். தொழிலைச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அதை நாலு பேர் அறியச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

முதலில் சயான் முதல் குர்லா வரை கிளினிக்குகளில் என்னைக் காத்திருக்க விட்ட கம்பவுண்டர் அண்ணன்களுக்கு. எந்த டாக்டர் எத்தனை மணிக்குச் சிரித்த முகமாக இருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எம்.ஆர்., அதாவது மருந்துக் கம்பெனிக்காக டாக்டர்களைப் பார்க்கிற பிரதிநிதி வேலையில் பாதி அதுதான்.

அந்த நாளில் என் முதல் கம்பெனி எட்டு மாதமாகியும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் தரவில்லை. மாட்டுங்கா டீக்கடையில் ஒரு சீனியர் எம்.ஆர். அண்ணன், "தம்பி, நம்ம லைனுக்கென்றே 1976 இல் சட்டம் போட்டாச்சு, எழுத்தில் தந்தே ஆகணும்" என்று சொல்லி, விண்ணப்பத்தை அங்கேயே தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் லெட்டர் வந்தது. அண்ணே, அந்த லெட்டரைக் காட்டித்தான் எனக்கு வாடகை வீடு கிடைத்தது. உங்களிடம் இதை நான் சொன்னதே இல்லை.

பேரிங் லைனுக்கு மாறியபோது எனக்கு ஒரு இழவும் தெரியாது. நாக்தேவி தெருவில் முதல் கடையிலேயே "6205 டபுள் இசட் என்ன ரேட்?" என்றார்கள், முழித்தேன். பக்கத்துக் கடை குஜராத்திப் பெரியவர் கூப்பிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, "பைட்டோ" என்றார். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து ஒரு பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். பேரிங் நம்பரின் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கு, உள்விட்டம் வந்துவிடும் என்றார். 05 என்றால் 25 மில்லிமீட்டர், 04 என்றால் 20. அதற்குக் கீழே கணக்கு வேறு: 03 என்றால் 17, 02 என்றால் 15, 01 என்றால் 12, 00 என்றால் 10. இசட் என்றால் தகர மூடி, ஆர்.எஸ். என்றால் ரப்பர் மூடி. பிறகு விரலால் சுழற்றிக் காதருகே பிடிக்கச் சொன்னார். நல்லதன் சத்தத்தையும் போலியின் சத்தத்தையும் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் கேட்க வைத்தார். எங்கள் சரக்கு அவர் கடையில் அன்றைக்கு இல்லை, அதற்கப்புறம் ஒரு வருஷமும் இல்லை. ஆனாலும் சொல்லிக்கொடுத்தார். மோட்டாபாய், இன்றைக்கும் எந்தக் கடையிலும் பேரிங்கைக் கையில் எடுத்தால் என் விரல் தானாகச் சுழற்றுகிறது.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நான் குர்லாவில் கலெக்‌ஷன் முடித்து, பையில் பதினொரு செக்குகளோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். ஒரு சால், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பின் மாடியிலிருந்து மராத்திக்கார அக்கா ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. கணவரின் லுங்கியைக் கொடுத்துவிட்டு, செக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அரிசி டிரம் மூடியின் மேல் பரப்பி, பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சம். அவர் வீட்டு டம்ளர் அத்தனையும் அதற்கே போய்விட்டதால் அன்றிரவு அந்த வீட்டில் எல்லோரும் செம்பில்தான் தண்ணீர் குடித்தோம். பதினொரு செக்கும் பாஸானது. வஹினி, பிறகு இரண்டு முறை தேடி வந்தேன், வீடு மாறிப் போய்விட்டீர்கள். இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால் போதும்.

செக் என்றதும் முலுண்ட் வக்கீல் அம்மாவை நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு டீலரின் செக் திரும்பி வந்து, கம்பெனி என் சம்பளத்தில் கைவைக்கப் பார்த்தபோது, "ரிட்டர்ன் மெமோ வந்து முப்பது நாளுக்குள் நோட்டீஸ் போகணும், இன்னிக்கு இருபத்தாறு" என்று விரல் விட்டு எண்ணி, அன்றே டைப் அடித்து அனுப்பினார். பீஸ் வாங்கவில்லை.

பிவண்டி சாயப்பட்டறை மாஸ்டர் சாச்சா, டியூப் லைட்டில் பார்த்து ஷேடுக்குத் தலையாட்டாதே, ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார் என்றீர்கள். அந்த ஒரு சொல்லால் எத்தனை லாட் ரிட்டர்ன் வராமல் தப்பியது தெரியுமா? போயிசரில் மதியச் சாப்பாட்டைப் பங்கிட்ட ஸ்டோர் கீப்பர்களுக்கும், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து நாங்கள் எல்லோரும் திணறியபோது இரவு எட்டு மணிக்குமேல் உட்கார்ந்து சாயச் சரக்குக்கான 3204 என்ற வரி எண்ணை எங்கே போடுவது என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்த அக்கவுண்ட்ஸ் தங்கைக்கும் நன்றி.

வாஷி மார்க்கெட் மசாலாக் கடைக்காரர்களே, 2020 ஊரடங்கில் நான் வசூலுக்கு வர வழியில்லை. நான் கேட்காமலே பழைய பாக்கியை நீங்களாக பேங்கில் போட்டீர்கள். அந்த மாதச் சம்பளம் எங்கள் ஏரியாவில் நின்றுபோகாததற்கு அதுவே காரணம்.

ராத்திரி பதினொன்றானாலும் தோசைக்கல்லை அணைக்காமல் வைத்திருந்த என் மனைவிக்கு இங்கே எழுதுவதைவிட நேரில் சொல்வதே முறை. சொல்லிவிட்டேன்.

ஒன்றாம் தேதி முதல் என் ஏரியாவைச் செம்பூர்ப் பெண் ஒருவர் பார்க்கிறார். வயது இருபத்து மூன்று, இது அவருக்கு முதல் வேலை. வியாழக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வாஷிக்கு வருகிறேன். அவருக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் மதராஸி தம்பி