இறையியல் வகுப்பில் அளவையியலும் படிப்பியுங்கள்

கொழும்பில் தமிழ்மூலம் இறையியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் உயர்தர மாணவருக்கு அளவையியல், அதாவது ஒரு வாதம் சரியா பிழையா என்று பார்க்கும் கலை, படிப்பிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் வாலிபர் வேதபாட வகுப்பும் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் வந்து உட்காருவது கிட்டத்தட்ட அதே பிள்ளைகள்தான். கிழமை நாளில் இரண்டு கூற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரும் நியாயத்தொடையைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் போலி, அதாவது வாதத்தின் பிழை, எங்கே என்று சொல்லிவிடும் பிள்ளை, ஞாயிறன்று பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவம் என்றதும் வாயே திறப்பதில்லை. இதையெல்லாம் கேட்கக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ அநேகமாக உங்களிடம் படித்து வந்த ஒரு போதகர். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். சொல்லையும் வாதத்தையும் பிரித்துப் பார்க்கும் பகுப்பாய்வு மெய்யியலின் முறையைக் கொண்டு இறையியல் செய்வதற்குத் தமிழ்மூல மாணவருக்கும் ஒரு பாடம் வையுங்கள். இதற்குப் பெயர் பகுப்பாய்வு இறையியல். ஒலிவர் கிறிஸ்பும் மைக்கல் ரேயும் 2009இல் தொகுத்த கட்டுரை நூலுக்குப் பிறகு இது தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. 2013 முதல் இதற்கென்று ஓர் ஆய்விதழும் வருகிறது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். என்ன சொல்கிறோம் என்பதைத் தனித்தனிக் கூற்றாக எழுது, எதிலிருந்து எது வருகிறது என்று காட்டு, உவமையை வாதமாக நினைக்காதே. முறையில் பாதி இவ்வளவுதான்.

மருதானையில் கடையில் வேலை செய்யும் நம் பையனிடம் கூட வேலை பார்க்கும் முஸ்லிம் நண்பன் கேட்கிறான்: "பிதாவும் கடவுள், இயேசுவும் கடவுள், இரண்டு பேரும் வேறு வேறு. அப்புறம் எப்படி ஒரே கடவுள்?" நல்ல கேள்வி. நம் பையன் ஞாயிறு பாடசாலையில் கேட்ட தண்ணீர், பனிக்கட்டி, நீராவிக் கதையைச் சொல்கிறான். அது ஒருவரே மூன்று வேஷம் போடும் கதை. சபெல்லியுவின் பெயரால் மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை தள்ளிவிட்ட கொள்கையை நாம் இன்னும் படம் வரைந்து படிப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

இதையே பலகையில் எழுதிப் பாருங்கள். பிதா கடவுள். குமாரன் கடவுள். பிதா குமாரன் அல்ல. கடவுள் ஒருவரே. முதல் இரண்டு கூற்றும் 'இதுவும் அதுவும் ஒன்றே' என்ற அடையாளக் கூற்றுகள் என்றால், பிதாவும் குமாரனும் ஒருவராகிவிடுவார்கள். மூன்றாவது கூற்று உடைகிறது. 'பேதுரு மனிதன், யோவான் மனிதன்' என்பதுபோல வெறும் பண்பைச் சொல்பவை என்றால், எண்ணிக்கை இரண்டாகிறது, நான்காவது உடைகிறது. மெய்யியலாளர் பீற்றர் கீச் இங்கே புகுந்து, 'ஒன்றே' என்பதை எந்த வகையில் ஒன்று என்று சொல்லாமல் பேச முடியாது என்றார். ஒரே கடவுளாக இருந்துகொண்டே வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம் என்பதற்கு அது வழி திறந்தது. இன்னொரு மெய்யியலாளர் பீற்றர் வான் இன்வாகன் 1988இல் அதற்கு முறையான ஓர் அளவையியலையே கட்டி, அதற்குள் இந்தக் கூற்றுகளிலிருந்து முரண் பிறக்காது என்று காட்டினார். ஜெஃப்ரி புறோவரும் மேலே சொன்ன ரேயும் 2005இல் வேறு பக்கமாக வந்தார்கள்: ஒரே பளிங்குக் கல், சிலையாகவும் தூணாகவும் நிற்கிறது. சிலையும் தூணும் வேறு, ஆனால் கல் ஒன்றே. பிதாவும் குமாரனும் அப்படித்தான் என்கிறார்கள்.

எனக்குக் கீச்சின் வழி விலை கூடியதாகப் படுகிறது. இரண்டும் ஒன்றே என்றால் ஒன்றுக்குப் பொருந்துவதெல்லாம் மற்றதற்கும் பொருந்தும் என்று அடையாளம் பற்றி நாம் படிப்பிக்கும் சாதாரண விதியையே அதற்காகக் கைவிட வேண்டியிருக்கிறது. அது கிடக்கட்டும். எந்தக் கூற்றை விட்டால் எந்தப் பக்கம் விழுவோம் என்று அந்தப் பையனுக்கு இப்போது தெரியும். நண்பனோடு நின்று பேசவும் முடியும்.

"வெள்ளைக்காரன் சரக்கு, ஆசிய மண்ணுக்கு ஒத்துவராது" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அப்படியில்லை. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் 'இம்மலை நெருப்புடைத்து, புகையுடைமையால், அடுக்களை போல' என்று பக்கமும் (நிறுவ வேண்டிய கூற்று) ஏதுவும் (காரணம்) திட்டாந்தமும் (எடுத்துக்காட்டு) பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார். சைவ சித்தாந்தி அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், கண்ணால் காண்பதை மட்டும் நம்பும் லோகாயதர் தொடங்கி எதிர்க்கட்சியின் வாதத்தை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, பிறகுதான் மறுக்கிறார். பாதி ஊழியர்களுக்கு இந்த நேர்மை வந்தாலே போதும் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். ஏன், 1873இல் பாணந்துறையில் நடந்த பௌத்த-கிறிஸ்தவ வாதத்தில் குணானந்த தேரர் என்ற பிக்குவோடு மேடையேறியவர்கள் நம் ஆட்கள்தானே. வாதத்துக்கு நாம் புதியவர்கள் அல்ல.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு, அதையும் சேர்த்தே படிப்பியுங்கள். தீமையும் சர்வ வல்லமையுள்ள நல்ல கடவுளும் ஒன்றாக இருக்க முடியாது என்று மெய்யியலாளர் மக்கி 1955இல் வாதிட்டார். கிறிஸ்தவ மெய்யியலாளர் பிளாண்டிங்கா 1974இல் சுயாதீன சித்தத்தை, அதாவது மனிதர் தாமே தெரிவுசெய்யும் சுதந்திரத்தை, வைத்துப் பதில் சொன்னார். ஆனால் அவர் காட்டியது இரண்டுக்கும் இடையே முரண் இல்லை என்பதை மட்டும்தான். கடவுள் ஏன் அனுமதித்தார் என்று அவர் சொல்லவில்லை, சொன்னதாகவும் பாவனை பண்ணவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடைத் தேவாலயத்தைப் பற்றி "எல்லாம் தேவசித்தம்" என்று பிரசங்கித்தவர்கள் இந்த வித்தியாசத்தைப் படித்திருக்கலாம். பொதுவான விளக்கம் எதுவும் போதாது, அந்தக் குறிப்பிட்ட ஆளுக்குக் கடவுள் நல்லவராக இருந்தாரா என்பதே கேள்வி என்று மெரிலின் மெக்கோர்ட் ஆடம்ஸ் 1999இல் எழுதினார். அவர் மெய்யியலாளர் மட்டுமல்ல, குருவானவரும்கூட. இன்னொரு மெய்யியலாளர் எலியொனோர் ஸ்டம்ப், துன்பத்தைப் பற்றி எழுதும்போது யோபு, சிம்சோன், ஆபிரகாம், பெத்தானியா மரியாள் கதைகளை விரித்து வைத்தே வாதத்தை நடத்துகிறார். செத்த வீட்டுக்கு நியாயத்தொடையைக் கொண்டுபோகும் மாணவனை இவர்களை வைத்தே நீங்கள் திருத்தலாம்.

கலைச்சொல்லுக்கும் அலைய வேண்டியதில்லை. எடுகூற்று (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்று), முடிவு, போலி எல்லாம் பிள்ளைகள் உயர்தரத்தில் தமிழில் எழுதிச் சித்தியடைந்த சொற்கள். முதல் தவணைக்கு மக்கியின் கட்டுரையும் பிளாண்டிங்காவின் பதிலிலிருந்து சில பக்கங்களும் போதும். பரீட்சையில் "விளக்குக" என்று கேட்காமல், ஒரு பிரசங்கப் பந்தியைக் கொடுத்து அதன் எடுகூற்றுகளை எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்க்கவும் விடைத்தாள் திருத்தவும் ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். சனிக்கிழமை பின்னேரம் எனக்கு வசதி.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் அளவையியல் ஆசிரியர்