செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் பகல் நேரச் சுற்றுலா ரயில் கோரும் மனு

அனுப்புநர்
செங்கோட்டை, தென்காசி வட்டார ரயில் பயணிகள்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு பொது மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, சென்னை.

வழி
உயர்திரு கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள், மதுரை.

பொருள்: செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் சாரல் காலத்து வார இறுதிகளில் விஸ்டாடோம் (கண்ணாடிக் கூரை) பெட்டியுடன் கூடிய பகல் நேரச் சுற்றுலா ரயில் இயக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செங்கோட்டையிலிருந்து கேரளத்தின் புனலூர் வரை உள்ள சுமார் 49 கிலோமீட்டர் மலைப்பாதையைத் தாங்கள் ஆய்வு ரயிலில் கடந்திருப்பீர்கள். ஆய்வு ரயிலின் கடைசிப் பெட்டியில் பின்பக்கம் அகலமான கண்ணாடி இருக்கும். அந்த இருக்கையிலிருந்து தெரியும் காட்சியை, டிக்கெட் எடுத்துப் போகும் ஒரு சாதாரணக் குடும்பமும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த மனுவின் வேண்டுகோள்.

இப்போதைய நிலைமை இதுதான். பாலருவி எக்ஸ்பிரஸுக்கு ஆரியங்காவு பக்கத்துக் காட்டில் விழும் அருவியின் பெயரை வைத்திருக்கிறோம். அந்த ரயில் போகும்போதும் சரி, வரும்போதும் சரி, ஆரியங்காவைக் கடப்பது இரவில். சென்னையிலிருந்து கொல்லம் போகும் விரைவு ரயில் மலை ஏறுவது விடியற்காலை இருட்டில். வேலைக்கும் மருத்துவத்துக்கும் போகிறவர்களுக்கு அந்த நேரங்கள் பொருத்தமானவை. அவற்றை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மதுரை – குருவாயூர் ரயில் இந்த மலையைப் பகலில் கடக்கிறது. அதில் ஜன்னலோர இடம் கிடைத்தவருக்கு நான்கு கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் காடு தெரியும். மற்றவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். தவிர, காலையில் செங்கோட்டையில் ஏறி, மலையைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்ப அந்த ரயில் உதவாது. மதுரையிலிருந்து அது இங்கே வந்து சேரும்போதே பிற்பகல் ஆகிவிடும்.

அந்த ஜன்னல் வழியே எதைத் தவறவிடுகிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். செங்கோட்டையை விட்டதும் இரண்டு பக்கமும் வயலும் தென்னந்தோப்பும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்று பெட்டிக்குள் வந்து முகத்தில் அடிக்கும். பகவதிபுரம் தமிழ்நாட்டின் கடைசி நிலையம்; அங்கிருந்து ஏற்றம் தொடங்கும். ஏற்றத்துக்காகவே ரயிலின் பின்னால் இன்னொரு என்ஜினைச் சேர்த்துத் தள்ளுவது இந்தப் பாதையின் பழைய வழக்கம். அப்புறம் நீண்ட குகை வரும். குகைக்கு இந்தப் பக்கம் நல்ல வெயில் இருக்கும். அந்தப் பக்கம் ஆரியங்காவில் வெளியே வரும்போது மழை பெய்துகொண்டிருக்கும். காற்றின் ஈரம், மரங்களின் பச்சை, வீடுகளின் கூரை எல்லாமே மாறிப்போகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம் எது, மழைப் பக்கம் எது என்பதை ஒரு பள்ளிப் பிள்ளைக்குச் சில நிமிடங்களில் காட்ட இதைவிட நல்ல இடம் தெற்கே எங்களுக்குத் தெரியவில்லை.

அதைத் தாண்டினால் எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். மீட்டர்கேஜ் காலத்தில் கருங்கல்லால் கட்டிய பாலம் அது. அகலப்பாதை போட்டபோதும் இடித்துத் தள்ளாமல் வலுப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். அந்த முடிவை எடுத்த பொறியாளர்களுக்கு இந்த ஊர்க்காரர்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். கீழே தேசிய நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்கள் எல்லோரும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அந்தப் பாலத்தைப் படம் எடுக்கிறார்கள். பாலத்தின் மேல் போகிற ரயில் பயணிக்கோ, தாம் பாலத்தில் இருக்கிறோம் என்பதே பாதி நேரம் தெரிவதில்லை. சாலையில் நிற்பவருக்குக் கிடைக்கும் காட்சி ரயிலில் போகிறவருக்குக் கிடைக்கவில்லை என்பது எங்களுக்கு நெடுநாள் வருத்தம்.

இந்தப் பாதையின் வரலாறும் பெரிது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும் சென்னை மாகாணத்தையும் முதன்முதலில் ரயிலால் இணைத்தது 1904ஆம் ஆண்டில் பயணிகளுக்குத் திறந்த கொல்லம் – செங்கோட்டைப் பாதைதான். செங்கோட்டையே அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் இது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் வேலை பார்த்தது மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில், வனத்துறையில். இன்றைக்கும் எங்களில் பாதிப்பேருக்கு அந்தப் பக்கம் சொந்தம் உண்டு. அகலப்பாதைப் பணிக்காக 2010இல் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே மீட்டர்கேஜ் ரயில் நின்றது. முழுப் பாதையும் மறுபடி திறந்தது 2018இல். அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகள் இந்த மலையைப் பேருந்திலும் வேனிலும் மட்டுமே கடந்தவர்கள்.

சரி, இப்படி ஒரு பெட்டிக்கு ஆள் வருவார்களா என்ற கேள்வி தங்கள் அலுவலகத்தில் எழலாம். விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு போகும் ரயிலில் 2017 ஏப்ரலில் முதல் விஸ்டாடோம் பெட்டியை இணைத்தார்கள். ஒரு பெட்டியில் தொடங்கி, கூட்டம் பார்த்துப் பிறகு கூடுதல் பெட்டிகள் சேர்த்தார்கள். 2021இல் மும்பை – புனே டெக்கான் எக்ஸ்பிரஸுக்கு வந்தது. அதே ஆண்டு யஷ்வந்த்பூர் – மங்களூரு ரயிலுக்கும் வந்தது. சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யாவுக்கும் இடையிலான மலைப்பகுதியைப் பார்ப்பதற்கென்றே அதில் ஏறுகிறார்கள். அந்த ரயில் போய்ச் சேரும் மங்களூரு, தங்கள் தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்டத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக் கூரையும், திருப்பிப் போட்டுக்கொள்ளும் 44 இருக்கைகளும் கொண்ட அந்தப் பெட்டிகளைச் செய்தது சென்னைப் பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். தொழிற்சாலை. பெரம்பூரில் செய்த பெட்டி அரக்குக்கும் கர்நாடக மலைக்கும் போய் ஓடுகிறது. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் எங்கள் மலைக்கும் ஒன்று வரட்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று நம்புகிறோம்.

ஊட்டி மலை ரயிலை உதாரணமாகச் சொல்வது தங்களுக்குப் பழகிப்போயிருக்கும். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் – ஊட்டி ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. கோடை விடுமுறையில் அதில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஊரறிந்த விஷயம். மலை ரயிலில் ஒருமுறை போக வேண்டும் என்ற ஆசை தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு இருக்கிறது. அந்த ஆசைக்கு ஈடு கொடுக்க ஒரே ஒரு குறுகிய பாதை போதவில்லை. இங்கே அகலப்பாதையே தயாராக இருக்கிறது.

1982இல் தொடங்கிய பேலஸ் ஆன் வீல்ஸ், 2008இல் தொடங்கிய கோல்டன் சேரியட் போன்ற சொகுசு ரயில்களை நாங்கள் கேட்கவில்லை. அவற்றின் கட்டணம் லட்சங்களில். வெளிநாட்டுப் பயணிகளுக்கும் வசதியானவர்களுக்கும் அவை இருக்கட்டும். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் மதுரை, விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் குடும்பங்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வேன் பிடித்து வந்து, அருவியில் குளித்து, பிரானூரில் பார்டர் பரோட்டா சாப்பிட்டு, சாயங்காலம் திரும்புகிறவர்கள். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் அவர்களுக்குப் போக இடமில்லை. விடுதி அறையில் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் கேட்கிறோம்.

ஆகவே, ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலத்தில், சனி, ஞாயிறுகளில், செங்கோட்டையிலிருந்து காலை எட்டு மணி வாக்கில் புறப்பட்டுப் புனலூர் போய், பிற்பகலில் அங்கிருந்து கிளம்பி ஆறு மணிக்குள் செங்கோட்டை திரும்பும் ஒரு சிறிய சுற்றுலா ரயிலை முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனையாக இயக்க வேண்டுகிறோம். ஒரு விஸ்டாடோம் பெட்டியும் நான்கைந்து சாதாரண இருக்கைப் பெட்டிகளும் போதும். மலைப்பகுதியில் வேகக் கட்டுப்பாடு இருப்பதால் ஒருவழிப் பயணத்துக்கு எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவசரமாகப் போகிறவருக்கு அது தாமதம். வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு அதுதான் வேண்டும். தென்மலையில் இறங்கி அணையையும் சூழல் சுற்றுலா மையத்தையும் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே இறங்கி, திரும்பும்போது ஏறிக்கொள்ளட்டும். புனலூர் வரை போகிறவர்களுக்குக் கல்லடையாற்றின் மேல் 1877இல் முடித்த தொங்கு பாலம் இருக்கிறது. ஆரியங்காவு ஐயப்பன் கோயிலுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள்.

மதுரை – குருவாயூர் ரயிலிலேயே ஒரு விஸ்டாடோம் பெட்டியை இணைத்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அதைப் பற்றி எங்களுக்குள் நிறையப் பேசினோம். ஏற்றம் கடுமையாக இருப்பதால் இந்தப் பாதையில் எத்தனை பெட்டிகள் போகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் இருக்கிற ஒன்றைக் கழற்ற வேண்டி வரலாம். கழற்றுவது முன்பதிவில்லாப் பெட்டியாக இருக்கக் கூடாது. அந்தப் பெட்டியில்தான் கட்டட வேலைக்குக் கேரளம் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நின்றுகொண்டு போகிறார்கள். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் பெண்களும், மருத்துவமனைக்குப் போகும் வயதானவர்களும் அதில்தான் ஏறுகிறார்கள். வேடிக்கை பார்க்கிறவருக்கு இடம் கொடுப்பதற்காகப் பிழைக்கப் போகிறவர் படியில் தொங்கும்படி ஆகக் கூடாது. வரம்புக்குள் கூடுதலாக ஒரு பெட்டி சேர்க்க முடியுமானால் மட்டும் அந்த யோசனையையும் பரிசீலியுங்கள். அப்படிச் சேர்த்தால் தென்காசி, செங்கோட்டை முதல் புனலூர், கொல்லம் வரையிலான குறுகிய தூரத்துக்கும் இருக்கைகளை ஒதுக்க வேண்டும். குருவாயூர் வரைக்கும் டிக்கெட் எடுத்தால்தான் இடம் என்றால், மலையைப் பார்க்க வருகிறவர் இருட்டிய பிறகு கண்ணாடிக் கூரைக்கடியில் பல மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். விஸ்டாடோம் பெட்டிக்கு மற்ற இடங்களில் வாங்கும் கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்கு அதிகம். அந்தப் பெட்டிக்கு அது இருக்கட்டும். ஆனால் அதே ரயிலில் உள்ள சாதாரண இருக்கைப் பெட்டிகளுக்குப் பயணிகள் ரயில் கட்டணமோ, அதைவிடச் சற்றுக் கூடுதலோ மட்டும் வைக்க வேண்டும். அரசுப் பள்ளிகள் பிள்ளைகளை அழைத்து வந்தால் ஒரு பெட்டியைச் சலுகைக் கட்டணத்தில் ஒதுக்க வேண்டும்.

கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்குப் போகும் பக்தர் கூட்டம் இந்தப் பாதையை நம்பியிருக்கிறது. அந்த மாதங்களில் சுற்றுலா ரயில் வேண்டாம். அப்போது ரயிலும் பாதையும் பக்தர்களுக்கே இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும் அபாயம் உள்ள நாட்களிலும் இயக்க வேண்டாம்.

தென்மலையை ஒட்டி இருப்பது செந்துருணி வனவிலங்குச் சரணாலயம். ரயிலில் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு அனுமதி தரக் கூடாது என்று நாங்களே கேட்டுக்கொள்கிறோம். பாலம், குகை, நிலையங்களைப் பற்றிச் சின்னதாக ஓர் அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும் சொன்னால் போதும். பிளாஸ்டிக் தட்டு, பாட்டில் எதையும் விற்காமல், ஏறும்போதே குப்பைக்குத் துணிப்பை கொடுத்துவிட்டால் காடு தப்பிக்கும். யானை நடமாட்டம் உள்ள பகுதிகளில் கேரள வனத்துறையைக் கேட்டே நேர அட்டவணை போட வேண்டும். தின்பண்டத்துக்கு வெளியூர் ஒப்பந்தக்காரர் வேண்டியதில்லை. ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ திட்டத்தில் இங்குள்ள மகளிர் குழுக்களுக்கு வாய்ப்புக் கொடுத்தால் பனங்கற்கண்டு, முறுக்கு, சுக்குக் காப்பி எல்லாம் வீட்டுப் பக்குவத்தில் கிடைக்கும்.

இடைப்பட்ட சிறு நிலையங்களில் கழிப்பறை, குடிநீர், முதியவர் ஏறி இறங்க வசதியான நடைமேடை உயரம் ஆகியவற்றையும் சோதனை ஓட்டத்துக்கு முன் சரிபார்க்க வேண்டும். இது சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும் சொல்வதல்ல. ஆரியங்காவிலும் ஒற்றக்கல்லிலும் தினமும் ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்கும் அவை தேவை.

மதுரைக் கோட்டத்தின் வர்த்தகப் பிரிவு அதிகாரிகள் சாரல் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைக்கு வந்து எங்களைச் சந்தித்தால், எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம், எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பதை வேன் ஓட்டுநர்களையும் விடுதிக்காரர்களையும் அழைத்து வந்து நேரிலேயே சொல்ல ஏற்பாடு செய்கிறோம். இந்த மனுவின் மீது எடுக்கும் முடிவு எதுவானாலும், இயலாது என்பதானாலும், அதற்கான காரணத்தோடு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: செங்கோட்டை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செங்கோட்டை, தென்காசி வட்டார ரயில் பயணிகள்

நகல்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், தென்காசி.