கழுத்தில் அடிபட்டு வருவோருக்கு ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்க உத்தரவிடக் கோரும் மனு

பெறுநர்: சுகாதாரத் துறை இணை இயக்குநர் அவர்கள்

பொருள்: முந்தைய மனுக்கள் மீது நடவடிக்கை இல்லாமை – மீண்டும் வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்கு ரசீது மட்டுமே கிடைத்தது. புறவழிச்சாலைச் சந்திப்பையும், அங்கே அடிபடுவோர் எந்த மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள் என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

1. விபத்தில் வருவோருக்குத் தலை சி.டி. ஸ்கேனோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊசியில் மருந்து செலுத்திக் கழுத்து ரத்தக்குழாய்களைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோ எடுப்பதில்லை.

2. என் தம்பி வந்தபோது நன்றாகத்தான் பேசினான். கழுத்தில் சீட் பெல்ட் தடம் வீங்கிச் சிவந்திருந்தது. தலையில் ரத்தக்கசிவு இல்லை என்று வார்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் விடியற்காலையில் வலது கை கால் விழுந்தது, பேச்சும் போனது. அதற்குப் பிறகுதான் கழுத்தைப் பார்த்தார்கள். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோடிட் தமனியின் உள்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த ரத்தம் மூளைக்குப் போயிருந்தது. கழுத்து வெடுக்கென்று திருகி இழுபட்டாலே இப்படிக் கிழியலாம். கிழிந்தவுடன் பலருக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் பக்கவாதம் வரும். காப்பாற்றக் கிடைக்கும் நேரமே அதுதான் ஐயா! அதை வார்டில் சும்மா படுக்கவைத்துக் கழித்தார்கள். அக்கா என்று கூப்பிட இன்று வாயைத் திறக்கிறான், வேறு ஏதோ சத்தம் வருகிறது. அவனுக்கே அது கேட்கிறது, அழுகிறான்.

3. யாருக்கு எடுக்க வேண்டும் என்பதற்கு 'டென்வர் அளவுகோல்' இருக்கிறது. கழுத்து முதுகெலும்பு முறிவு, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு, நடுமுக எலும்பு முறிவு, வீங்கி வலிக்கும் பெல்ட் தடம், தூக்கிலிருந்து மீட்கப்பட்டவர்கள். தலை சி.டி.யில் காரணம் தெரியாமல் கை கால் விழுந்திருந்தால் கட்டாயம். அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்ட ஒரு தாள் போதும். அதற்குமா நிதி இல்லை?

4. மருந்தாவது அபூர்வமானதா? பெரும்பாலோருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது ஹெபாரின். உள்ளே வேறெங்காவது ரத்தம் கசிந்தால் எப்போது தொடங்குவது என்று மருத்துவர்கள் யோசிக்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். காயம் இருப்பதே தெரியாமல் எதை யோசிப்பார்கள்? 7 முதல் 10 நாளில் மறு ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

5. இரவில் ஸ்கேன் எடுக்க ஆள் இல்லையாம். விபத்து பகலில் மட்டுமா நடக்கிறது?

மேற்கண்ட அறிகுறிகளோடு வருவோருக்கு, இரவானாலும் பகலானாலும், முதல் சி.டி.யோடு சேர்த்தே கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனும் எடுக்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தம்பிக்காகக் கேட்கவில்லை, அவனுக்குக் காலம் கடந்துவிட்டது. இன்று இரவு வரப்போகிறவருக்காகக் கேட்கிறேன். தயவுசெய்து ஆணையிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
நோயாளியின் அக்கா