'அல்லது' போட்டு நோட்டீஸ் எழுதும் அதிகாரிகளுக்கு, காரைக்குடியிலிருந்து

மதிப்பிற்குரிய வரி அலுவலர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஜிஎஸ்டி கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். என் தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தொகை போடும்போது அரையணா இடித்தாலும் அன்றிரவு விளக்கை அணைக்க மாட்டார்களாம். அந்த அரையணாவுக்கு இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். கைப்பிசகு என்றால் திருத்தி எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம். கையாடல் என்றால் எந்தப் பற்று, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று பேரேட்டை விரித்து முதலாளி முன்னால் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது.

ஜிஎஸ்டி சட்டத்திலும் அதே இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன. பிரிவு 73 பிசகுக்கு. பிரிவு 74 மோசடி, வேண்டுமென்றே தவறான தகவல் தருதல், உண்மையை மறைத்தல் ஆகியவற்றுக்கு. அதுவும் வரி ஏய்க்கும் நோக்கில் செய்திருந்தால். முதலாவதில் அபராதம் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. இரண்டாவதில் வரி எவ்வளவோ அவ்வளவும் அபராதம். வட்டி தனி.

2024 ஜூலையில் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைக்காரர் ஒருவர் செல்போனை நீட்டியபடி வந்தார். 2017-18ஆம் ஆண்டுக்கு 74-இன் கீழ் நோட்டீஸ். வரி 1,40,000, அபராதம் இன்னொரு 1,40,000. "அண்ணே, நான் என்னத்த மறைச்சேன்?" என்று கேட்டார். நானும் அதைத்தான் தேடினேன். ஏழு பக்கத்தில் ஐந்து பக்கம் சட்டப்பிரிவுகளின் நகல். அப்புறம் ஓர் அட்டவணை: அவர் தன் படிவம் 3பி-யில் எடுத்த உள்ளீட்டு வரிக்கும் (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது), விற்றவர்கள் ஏற்றிய பில்களிலிருந்து வரும் 2ஏ-யில் தெரிவதற்கும் வித்தியாசம். கடைசியில், 'மோசடி அல்லது வேண்டுமென்றே தவறான தகவல் அல்லது உண்மையை மறைத்தல் மூலம் வரி ஏய்ப்பு செய்துள்ளீர்' என்று ஒரு பத்தி.

இரண்டு 'அல்லது'. மூன்றில் எதைச் செய்தார் என்று எழுதியவருக்கே தெரியவில்லை என்றால் இவர் எதற்குப் பதில் சொல்வார்?

இது என் குதர்க்கம் இல்லை. பழைய கலால் சட்டத்தில் இதே போன்ற சொற்கள் இருந்த காலத்திலேயே, 1995-இல், எச்.எம்.எம். நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சட்டம் அடுக்கும் குற்றங்களில் எதைச் செய்தார் என்று நோட்டீஸ் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு புஷ்பம் மருந்து நிறுவன வழக்கில், மறைத்தல் என்றால் தெரிந்தே, தப்பிப்பதற்காகச் செய்தது. வெறும் விடுபடல் மறைத்தல் ஆகாது என்றது. மத்திய மறைமுக வரி வாரியமும் 2023 டிசம்பர் 13 அன்று தன் அதிகாரிகளுக்கு எழுதிய அறிவுறுத்தலில், வரி கட்டவில்லை என்பதற்காக மட்டும் 74-ஐ எடுக்காதீர்கள், மோசடிக்கான ஆதாரம் இருந்தால் எடுங்கள், அந்த ஆதாரத்தை நோட்டீஸிலேயே சேருங்கள் என்று சொல்லியிருக்கிறது. அது மத்திய அதிகாரிகளுக்கு எழுதியது என்று மாநில அதிகாரி சொல்லலாம். சரி, பிரிவு ஒன்றுதானே?

படிவத்தில் காட்ட வேண்டியதைக் காட்டாவிட்டாலே மறைத்தல்தான் என்று அப்போது 74-இல் இருந்த விளக்கத்தை எடுத்துக் காட்டுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டறைக்காரர் எல்லாவற்றையும் காட்டியிருந்தார். உங்கள் அட்டவணையே அவர் தாக்கல் செய்த படிவத்திலிருந்து எடுத்ததுதான். கொடுத்த காகிதத்தை வைத்தே மறைத்தாய் என்றால் எப்படி? நடந்தது இதுதான்: புதுக்கோட்டையில் அவருக்குச் சிமெண்ட் கொடுத்தவர், பில்களை இவருடைய பதிவு எண்ணில் ஏற்றாமல் சில்லறை விற்பனைக் கட்டத்தில் ஏற்றிவிட்டார். 2017-18-இல் பாதி ஊர் இப்படித்தான் தடுமாறியது. அதற்காகவே, ஒரு விற்பனையாளரிடம் வித்தியாசம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அவரிடமே சான்று வாங்கி முடியுங்கள் என்று 2022 டிசம்பர் 27-இல் அந்த வாரியத்தின் சுற்றறிக்கை 183 வந்தது.

பிறகு ஏன் 74? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த ஆண்டுக்கு 73-இல் ஆணை போடும் கெடு, நீட்டிப்புகளெல்லாம் சேர்த்து, 2023 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. 74-க்கு ஆண்டுப் படிவத்தின் கடைசி நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அது அப்போது முடியவில்லை. கதவு சாத்தியபின் பக்கத்துக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள். ஏய்ப்பு நிரூபணமாகவில்லை என்று மேல்முறையீட்டில் முடிவானால், 74 நோட்டீஸை 73-ஆகவே பார்க்க வேண்டும் என்கிறது பிரிவு 75(2). 73-இன் கெடு தாண்டி வந்த நோட்டீஸ் என்றால் முழுவதையும் கைவிட வேண்டும் என்கிறது சுற்றறிக்கை 185.

சிமெண்ட் கடைக்காரரின் சான்றைக் கொடுத்தோம், நேரில் விசாரணை கேட்டோம், கைவிட்டார்கள். விசாரணைக்குப் போன எங்களை அந்த அதிகாரி மரியாதையாகத்தான் நடத்தினார், அதையும் சொல்ல வேண்டும்.

என்னை எழுத வைத்தது அந்தப் பட்டறைக்காரர் இல்லை. தேன்குழலும் மணகோலமும் சீப்புச்சீடையும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஆச்சி ஒருவர். அவருக்கும் அதே மாதம், அதே பத்தி, 'அல்லது' உட்பட. வரி 48,000. முப்பது நாளுக்குள் கட்டினால் அபராதம் கால்வாசி என்று யாரோ சொல்ல, வளையலை அடகு வைத்து வரி, வட்டி, 12,000 அபராதம் எல்லாம் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். "ஏய்ப்புன்னு போட்டிருக்கே தம்பி, நாலு பேருக்குத் தெரிஞ்சா?" என்றார். பணத்தைவிட அந்தச் சொல்தான் அவரைக் கட்ட வைத்தது.

போலி பில் வியாபாரம் நடக்கிறது, எனக்கும் தெரியும். கூலிக்காரர் பெயரில் பதிவு வாங்கிச் சரக்கே இல்லாமல் பில் விற்பவர் மேல் 74 பாயட்டும். அங்கே ஆதாரமும் இருக்கும், எழுதவும் எளிது.

இன்னொன்று, நோட்டீஸைப் போர்ட்டலில் 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்ற மூலையில் போட்டுவிட்டு முடிந்தது என்கிறீர்கள். பிரிவு 169 அதை அனுமதிக்கிறது. ஆனால் பதில் வராவிட்டால் பதிவுத் தபால் போன்ற வேறு வழியிலும் அனுப்பிப் பாருங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. எங்கள் ஊரில் தபால்காரருக்கு எல்லா வீடும் தெரியும்.

2024-25 முதல் பிரிவு 74ஏ. பிசகுக்கும் ஏய்ப்புக்கும் இனி ஒரே கெடு, ஆகவே கதவு மாற்றும் அவசியமே இல்லை. அபராதத்தில் மட்டும் 10 சதவீதமும் 100 சதவீதமும் அப்படியே இருக்கின்றன. நோட்டீஸ் எழுதும் முன் அந்தப் பழைய பத்தியைக் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். ஏய்ப்பு என்று எழுதுவதானால் மூன்றில் ஒரே சொல், பக்கத்தில் பில் எண்ணும் தேதியும், பின்னால் ஆதாரத்தின் நகலும் வையுங்கள். குறித்த நாளுக்குள் பதில் கொண்டு வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
காரைக்குடிக் கணக்கெழுதி ஒருவன்