மஞ்சள் அட்டைக்கு மயங்காத பூச்சிங்க

ஆசிரியர் சார் வணக்கம்,

போன வாரம் மாடித்தோட்டம் பக்கத்துல, பூச்சிக்கு என்ன தெரியும், பச்சையா எது இருந்தாலும் வந்து உக்காரும், மஞ்சள் அட்டை மாட்டுங்க போதும்னு போட்டிருந்தீங்க. இதே பேச்சை நம்பித்தான் போன வருஷம் ஒரு நர்சரி கடையில பசை தடவின மஞ்சள் அட்டை பத்து வாங்கியாந்து கத்திரிச் செடிங்க நடுவுல தோரணம் கட்டினேன். வெள்ளை ஈ நல்லா ஒட்டிச்சு, இல்லேன்னு சொல்லல, ஆனா காயை நறுக்கினா உள்ள புழு நெளியுது, அந்தப் புழுவுக்கு அம்மாவான அந்துப்பூச்சி ஒண்ணுகூட அட்டையில மாட்டல!

எப்படி மாட்டும், அது ராத்திரி ஷிப்ட்டு. வெள்ளை ஈக்கும், செடிச் சாறு உறிஞ்சற அசுவினிப் பூச்சிக்கும்தான் மஞ்சள்னா உசுரு, இளந்தளிர் கலரையே தூக்கலா காட்டின மாதிரி அதுங்களுக்குத் தெரியுது. அந்துப்பூச்சிங்களுக்கு வாசனைதான் வழி, எங்க தெருவுல யார் வீட்ல கருவாடு வறுக்கறாங்கன்னு காத்து வர்ற பக்கம் மூக்கை வெச்சுக்கினே போய்ப் பிடிக்கலாம் பாருங்க, அதுங்களும் எதிர்க்காத்துலதான் பறக்கும், வாசனை அறுந்துட்டா இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு வளைஞ்சு தேடும், மூக்குக்குப் பதிலா தலையில மீசை மாதிரி உணர்கொம்பு அவ்ளோதான். கத்திரிக்கு, பொம்பள பூச்சி வாசனையைக் காட்டி இழுக்கற இனக்கவர்ச்சிப் பொறி வெக்கணும், அதுலயும் ஆம்பள பூச்சிதான் விழும்.

சரி, பகல்ல வர்றதாவது சும்மா உக்காருதான்னு பார்த்தா அதுவும் இல்ல. எங்க மாடியில பெயின்ட் டப்பாவுல கறிவேப்பிலை, பக்கத்துலயே மல்லி, செம்பருத்தி. கறுப்பும் மஞ்சளுமா ஒரு எலுமிச்சைப் பட்டாம்பூச்சி வரும். துணி காயப்போட போறப்பல்லாம் நின்னு பார்ப்பேன், மல்லி இலையில உக்காந்து முன்னங்காலால படபடன்னு தட்டும், கானா பாடறவங்க டேபிள்ல தாளம் போடுவாங்களே அந்த மாதிரி, தட்டிட்டு உடனே கிளம்பிடும். கறிவேப்பிலைக்கு வந்து அதே தாளம், அப்புறம் வயித்தை வளைச்சு தளிர்ல ஒரே ஒரு முட்டை, கசகசா சைஸ்ல. காலாலதான் அது ருசி பார்க்குது சார், எலுமிச்சை வகையறா இலைதானான்னு தட்டிப் பார்த்துட்டுத்தான் முட்டையே வெக்குது. இதைப் போய் ஒண்ணும் தெரியாததுன்றீங்க.

இன்னொண்ணு, பூச்சிங்க கத்துக்கவும் செய்யுது. துணி எடுக்க எங்க ஏரியா எம்.சி. ரோட்டுக்கு மொத தடவ போனா பத்து கடை ஏறி இறங்குவோம், ஒரு கடை ஒத்துப்போச்சுன்னா அடுத்த தீபாவளிக்கு நேரா அங்கதான். 1978ல ரவுஷர்ன்ற ஆராய்ச்சியாளர் எழுதினது, அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல இதே சொந்தத்துல ஒரு பட்டாம்பூச்சி, அது முட்டை வெக்கறது நம்ம ஊர் ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிங்கள்ல, ஒண்ணுக்கு இலை அகலம், இன்னொண்ணுக்கு ஒல்லி, ஒரு நேரத்துல ஒவ்வொரு பட்டாம்பூச்சியும் ஏதாவது ஒரு இலை வடிவத்தை மட்டும் மனசுல வெச்சுக்கினு தேடுதாம், அந்த வடிவத்துல வேற செடி இருந்தாலும் ஏமாந்து இறங்கிப் பார்க்குமாம். தக்காளி, பருத்தி, கொண்டைக்கடலைன்னு எதையும் விடாத பச்சைக் காய்ப்புழு இருக்கே, அதோட அந்துப்பூச்சியும் ஒரு செடியில முட்டை வெச்சுப் பழகிட்டா அடுத்து அந்தச் செடியையே அதிகமா தேடுது.

விவசாயிங்க இந்த ருசியை வெச்சே அந்தக் காய்ப்புழு அந்துப்பூச்சியை மடக்கறாங்க. பெங்களூருல இருக்கற இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை, 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி, தக்காளி நாத்து 25 நாள்னா செண்டுமல்லி நாத்து 45 நாள் இருக்கணும், அப்பதான் ரெண்டும் ஒண்ணா பூக்கும், அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டுக்குப் போயிடும். மாடியில 16 வரிசைக்கு நான் எங்க போறது, ஆனா ரெண்டு தொட்டி செண்டுமல்லி வெக்க இடமிருக்கு, இந்த மாதிரி விஷயத்தைப் போடுங்களேன். அடுத்த வாரம் அந்த அட்டை மேட்டரையும் திருத்திப் போட்டுடுங்க, வெள்ளை ஈ, அசுவினி மாதிரி சின்னதுங்களுக்கு மட்டும்தான்னு.

கறிவேப்பிலையில இப்ப நாலு புழு, மூணு பறவை எச்சம் மாதிரி, ஒண்ணு பச்சைக்கு மாறிடுச்சு, தொட்டா தலையில சிவப்பா கொம்பு நீட்டி நாத்தம் விடுது. செடியில பாதி போச்சு, ரசத்துக்கு மார்க்கெட்லதான் வாங்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 21